அப்பாவின் மாருதி 800: சரிசெய்வதா, மாற்றுவதா, விற்பதா?

தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். வெயிலில் சாயம் போன கவர் போர்த்தி, நான்கு டயரிலும் பாதிக் காற்று இறங்கி, பானெட் மேல் பூனை படுத்திருக்கும் ஒரு மாருதி 800. "யாரோடதுங்க?" என்று கேட்டால் "அப்பா வெச்சிருந்தது" என்று பதில் வரும். "விக்கிறீங்களா?" என்று அடுத்த கேள்வி கேட்டால், வீட்டுக்குள் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள்.

1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்பவரிடம் முதல் மாருதி 800-ன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், உள்ளங்கை அகலத்தில் டயர். ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் காருக்கு மாறியது இந்த வண்டியால்தான். 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 விதி அமலானபோது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆக, நாட்டின் கடைசி 800-க்கே 2029-ல் 15 வயது ஆகிவிடும். இப்போது வாசலில் நிற்பவற்றில் பெரும்பாலானவை அந்த வயதை எப்போதோ கடந்தவை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இதே போன்ற வீடு உங்களுக்குத் தெரிந்தும் இருக்கலாம். திருச்சி, 2003 மாடல் வெள்ளை 800. அப்பா காலமாகி மூன்று வருடம். பெங்களூரில் இருக்கும் பெரிய மகன் போனில், "வித்துடுங்கம்மா, வாசல்ல இடமாவது மிச்சமாகும்" என்கிறார். காலேஜ் போகும் சின்னவர், "அலாய் வீல் போட்டு, மேட் பிளாக் அடிச்சா செம்மயா இருக்கும்" என்கிறார். நடுவில் பிறந்த மகளுக்கு அதில் கார் ஓட்டிப் பழக ஆசை. அம்மா எதுவும் சொல்வதில்லை. "அவர் இருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம துடைச்சு வெப்பார்" என்பதோடு சரி.

இந்த நாலு பேரில் யார் சொல்வது சரி என்பதைப் பிறகு பார்க்கலாம். நிஜத்தில் பல வீடுகளில் ஜெயிப்பது இவர்கள் யாருமே இல்லை. "தீபாவளிக்கு எல்லாரும் வர்றப்ப பேசிக்கலாம்" என்பதுதான் ஜெயிக்கிறது. காரைக் கெடுப்பதும் அதுதான்.

நிற்கிற கார் ஓடுகிற காரைவிட வேகமாகக் கெடும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கும். டயர் ஒரே இடத்தில் அமுங்கி வெடிப்பு விடும். வயரிங்கை எலி பார்த்துக்கொள்ளும். காரைப் பாதுகாக்கப் போர்த்திய கவரே மழைக்காலத்தில் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து பாடியை அரிக்கும். நாட்டின் முதல் மாருதிக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஹர்பால் சிங் 2010-ல் மறைந்த பிறகு, அந்தக் கார் அவர் வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்ற படங்கள் இணையத்தில் பரவின. பிறகு மாருதி நிறுவனம் அதைச் சீரமைத்து, தன் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தது. நம் வீட்டுக் காருக்கு அந்த யோகம் கிடையாது.

முதலில் ஆர்.சி. புக்கை எடுங்கள்

எல்லோரும் முதலில் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் பீரோவைத் திறக்க வேண்டும். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டும் தெரியாமல் அந்தக் காரைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். '15 வருஷமான பெட்ரோல் கார் ஓட்டக் கூடாது' என்ற பேச்சு டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கான உத்தரவுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டிச் சொந்தக் காரை ஓரங்கட்டும் அப்படிப்பட்ட தடை இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, ஓட்டத் தகுதியானது என்று சொன்னால் புதுப்பிக்கலாம்.

ஆனால், செலவு ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ரூபாயாக்கி 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவித்தது. பலர் கவனிக்காத இன்னொன்று, தாமதக் கட்டணம். கெடு முடிந்த பிறகு புதுப்பிக்க விண்ணப்பித்தால், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய். நம் திருச்சிக் காரின் ஆர்.சி. 2018-ல் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, 2023-ல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை வருடத் தாமதத்துக்கு மட்டும் 15,000 ரூபாய். 'பேசிக்கலாம்' என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு தீபாவளிக்கும் இப்படி 6,000 ரூபாய் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. பசுமை வரி, மாசுச் சான்று எல்லாம் இதற்கு மேல். இன்ஷூரன்ஸும் உண்டு. 1,000 சிசி வரையிலான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,094 ரூபாய், வரி தனி.

ஆர்.சி. இறந்தவர் பெயரிலேயே இருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் யாருக்கும் இது தோன்றாது என்பது உண்மைதான். ஆனால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வங்கிக் கணக்குக்காக எப்படியும் வாங்குகிறோம். அப்போதே இன்னும் இரண்டு நகல் எடுத்து இந்த வேலையையும் முடிப்பதுதான் சுலபம். மூன்று வருடம் கழித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கி அலைவது பெரும்பாடு.

இன்ஜினைவிட முக்கியம் தளம்

காகிதம் தெளிவானதும் கார் பக்கம் வரலாம். இங்கேயும் எல்லோரும் செய்யும் தவறு, பேட்டரியை மாற்றி சாவியைத் திருகிப் பார்ப்பது. ஸ்டார்ட் ஆகிவிட்டால், "இன்ஜின் கிண்ணுனு இருக்கு" என்று ஒரே சந்தோஷம்.

மாருதி 800-ல் இன்ஜின் பெரிய விஷயமே இல்லை. நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கக்கூடிய இன்ஜின் அது. உதிரி பாகங்கள் சின்ன ஊர்களில்கூடக் கிடைக்கும். கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. இந்தக் காரின் உயிர் தகரத்தில் இருக்கிறது. லாரி போல இதற்குத் தனியாகச் சட்டம் கிடையாது. பாடியேதான் சட்டம். தளமும் பக்கவாட்டுப் படிகளும் அரித்துப்போனால், கார் நிற்பதற்கே ஆதாரம் போய்விடும்.

அதனால், உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்குங்கள். டிரைவர் காலடியில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். பேட்டரி உட்காரும் தட்டுக்கு அடியில் பாருங்கள். ஆசிட் சிந்தி முதலில் அரிக்கும் இடம் அது. கதவுகளின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் இடம், முன்பக்க சஸ்பென்ஷன் மேலே வந்து பொருந்தும் மேடை என ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பளபளப்பான பெயின்ட்டைக் கண்டு ஏமாற வேண்டாம். சந்தேகப்படும் இடத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது தகரம் இல்லை, பட்டி. ராமநாதபுரம், தூத்துக்குடி, சென்னை மாதிரி கடல்காற்று படும் ஊர் என்றால் இன்னும் ஒருமுறை பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால், பாதி முடிவை இதுவே எடுத்துக் கொடுத்துவிடும். கதவிலும் விளிம்பிலும் மட்டும் துரு என்றால் சரிசெய்யலாம். சஸ்பென்ஷன் மேடையும் தளமும் போயிருந்தால், எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்தக் காரில் ஆள் ஏற்றக் கூடாது. தகடு வைத்து ஒட்டி பெயின்ட் அடித்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஒட்டு தாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

சரிசெய்வது என்றால் எதுவரை?

தளம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 'பழையபடி ஆக்கிடலாம்' என்ற சொல்லில் இரண்டு வேலை ஒளிந்திருக்கிறது. ஒன்று, பத்திரமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது. இன்னொன்று, ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல ஆக்குவது. முதலாவது குடும்ப பட்ஜெட்டுக்குள் அடங்கலாம். இரண்டாவதில் டிங்கரிங், பெயின்டிங், சீட், பீடிங், கண்ணாடி ரப்பர் என்று நீளும் பில், பெரும்பாலும் காரை விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும். தாண்டினால் தப்பில்லை. ஆனால், அது செலவு என்று தெரிந்து செய்ய வேண்டும். 'ரெடி பண்ணி வித்தா லாபம்' என்று நினைத்து இறங்குபவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவில் விற்ற 800-கள் 25 லட்சத்துக்கும் மேல். அபூர்வம் என்று விலை ஏறுவதற்கு இது அம்பாசடர் மார்க் 1 இல்லையே.

'வின்டேஜ் ஆயிடும்' என்று சிலர் கனவு காண்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வாகனம்தான் வின்டேஜ். முதல் 800-க்கே அந்த வயது 2033-ல்தான் வரும். 2003 மாடலுக்கு 2053.

பத்திரமாக ஓடவைப்பதுதான் நோக்கம் என்றால், வரிசை முக்கியம். வருடக்கணக்கில் நின்ற காரை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பழைய பெட்ரோலை இறக்கி, இன்ஜின் ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி. அடுத்தது பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் ரப்பர் சமாச்சாரம். பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைவிட, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2315 என்றிருந்தால், 2015-ன் 23-வது வாரத்தில் தயாரானது. அது ஓடியதே 500 கிலோமீட்டர்தான் என்றாலும் மாற்ற வேண்டிய டயர்தான்.

பிறகு பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்தது. 2003-ல் வந்த காரின் பெட்ரோல் ஹோஸ், வாஷர், பம்ப் ரப்பர் எதுவும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதில்லை. எத்தனாலை நெடுநாள் தாங்காத ரப்பர் உப்பும், வெடிக்கும், கசியும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய வகை கார்களில் இந்தப் பெட்ரோலால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று கணக்குப் போட்டிருந்தது. மேலும், எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் காருக்கு டேங்க் நிரப்பி வைக்க வேண்டாம்.

சின்னவருக்குச் சில சேதிகள்

மேட் பிளாக்கில் தப்பில்லை. நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். 'வெள்ளை' என்று ஆர்.சி. சொல்லி, கார் கறுப்பாக நின்றால், சோதனையில் ஆரம்பித்து இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரை கேள்வி வரும்.

மற்றபடி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து காரை மாற்றக் கூடாது என்பதே சட்டம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆர்.சி.யை அம்மா பெயருக்கு மாற்றியிருந்தால், அந்த உரிமையாளர் யார் என்பதையும் சின்னவர் யோசிக்க வேண்டும்.

சட்டம் கிடக்கட்டும் என்றாலும் கார் ஒத்துழைக்காது. 12 இன்ச் சக்கரத்துக்காகச் செய்த கார் இது. அகலமான டயரைப் போட்டால் திருப்பும்போது உரசும். பவர் ஸ்டீயரிங் இல்லாததால் கை வலி எடுக்கும். பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைத்தால், 37 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கும் பாடியும் தடுமாறும். அரைகுறை ஒயரிங்கில் பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டுத் தீப்பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது. எலெக்ட்ரிக்காக மாற்றும் ஆசை நியாயமானது. ஆனால், அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற மையம், ஆர்.சி.யில் மாற்றம் எல்லாம் வேண்டும். செலவு லட்சங்களில் போகும்.

அதே பணத்தில் செய்யத் தகுந்த மாற்றங்களும் இருக்கின்றன. பிய்ந்துபோன சீட் பெல்ட்டுக்குப் புது பெல்ட், பல 800-களில் இல்லாத இடப்பக்கக் கண்ணாடி, மங்கிப்போன ஹெட்லைட்டுக்குப் புது விளக்கு. இதையெல்லாம் இன்ஸ்டாவில் போட்டால் லைக் விழாதுதான்.

மகளின் யோசனைதான் இருப்பதில் உருப்படியானது. இந்தக் காருக்கு ஒரு வேலையைச் சொன்னது அவர் மட்டும்தான். நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும் சின்ன கார், கிளட்ச் லேசு, சந்தில் திருப்பலாம், ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் சண்டை வராது. வாரம் நாலு நாள் ஓடினால் காரும் கெடாது. ஆனால், ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. காய்கறிச் சந்தைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்வரச் சரி. சென்னை நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே குழந்தைகளோடு போகிற கார் இல்லை.

விற்றால், முழுதாக விற்க வேண்டும்

தளம் போய்விட்டது, அல்லது ஓட்டவே ஆள் இல்லை என்றால் விற்பதுதான் சரி. இங்கே பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "பத்தாயிரம் தர்றேன், நீங்க படிவத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, நான் பேர் மாத்திக்கிறேன்" என்பார் வாங்க வருபவர். படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பெயர் மாறாது. கார் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு கார் பலரிடம் கைமாறி, பிறகு ஒரு விபத்தில் உயிர்ப்பலி ஆனது. இழப்பீடு யார் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத பழைய கார் என்றால், அந்தத் தொகை முழுக்கக் கையை விட்டுப் போகும். பத்தாயிரத்துக்கு விற்ற காருக்கு லட்சங்களில் இழப்பீடு கட்ட நேர்ந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? அதனால், பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, அது ஏற்கப்பட்டதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகல், தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கிய ரசீது இரண்டும் உங்களிடம் இருக்கட்டும். ஆர்.சி. காலாவதியான காரை இப்படி முறையாக விற்க, முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் ஸ்கிராப். காயலான் கடையில் கொஞ்சம் கூடுதலாகவே தரலாம். ஆனால், கார் துண்டு துண்டான பிறகும் ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். அரசு அங்கீகாரம் பெற்ற அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். பதிவும் முறையாக ரத்தாகும். பெரிய மகனோ மகளோ அடுத்து புதுக் கார் வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் காட்டினால், பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகை தரவும் மத்திய அரசின் விதியில் வழியுண்டு.

காரை அனுப்பும் முன் டேஷ்போர்டுப் பெட்டியையும் சீட்டுக்கு அடியிலும் ஒருமுறை துழாவிவிடுங்கள். பழைய பெட்ரோல் பில், சில்லறை, அப்பாவின் மூக்குக் கண்ணாடி என்று ஏதாவது இருக்கும். கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால், அதைக் கொடுத்த வங்கியில் சொல்லி அதையும் மூடிவிடுங்கள்.